முதல் ஸ்டூடியோ ஆல்பத்துக்கு எத்தனை பாடல்கள்? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: தாய்மாமன், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகனுக்கு இருபது வயது. தமிழில் ராப் பாடுகிறான். சென்ற ஆண்டு அவன் கைப்பேசியில் பதிவு செய்து டிக்டாக்கில் போட்ட ஒரு நிமிடப் பாடல், அவனே எதிர்பாராத அளவுக்குப் பரவிவிட்டது. அதிலிருந்து கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் அவனைப் பாட அழைக்கிறார்கள். கடைத்தெருவில் நடந்தால் படம் எடுத்துக்கொள்ளப் பையன்கள் காத்து நிற்கிறார்கள். மலேசியத் தமிழ் ராப் பாடகர் யோகி பியைச் சொல்லி, அடுத்த யோகி பி நம் ஊரில் பிறந்துவிட்டான் என்று முகநூலில் எழுதுகிறார்கள். இத்தனைக்கும் அவன் இதுவரை ஒரு முழு ஆல்பம்கூட வெளியிட்டதில்லை.

இப்போது கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் அவனுடைய முதல் ஸ்டூடியோ ஆல்பத்தை வெளியிட முன்வந்திருக்கிறது. 18 பாடல்கள் வேண்டும், அவற்றில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பெயர் எடுத்த வேறு பாடகர்கள் வந்து சேர்ந்து பாட வேண்டும், குறைந்தது மூன்று நடனப் பாட்டுகளாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. பையன் கையில் இருப்பவை ஆறே பாடல்கள். அவற்றையும் தன் அறையில், சன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிட்டு, இரவில் பதிவு செய்திருக்கிறான். அதில் ஒன்று அவனுடைய அம்மாயியைப் பற்றியது, அதாவது என் அம்மாவைப் பற்றியது. அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அதன் முதல் நான்கு வரிகள் இவை (பெரட்டு என்பது வேலைக்கு முன் ஆள் எண்ணும் வரிசை, நெரை என்பது மர வரிசை, லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு):

அஞ்சரைக்குப் பெரட்டுன்னா நாலுக்கெல்லாம் எந்திரிப்பா,
நெத்தியில வெளக்கு கட்டி நெரையெல்லாம் நடந்திருப்பா,
பால் நெறஞ்ச வாளிச் சத்தம் லயத்துக்கே கேட்டிருக்கும்,
அந்தச் சத்தம் கேட்ட வயிறு சோத்துக்குக் காத்திருக்கும்.

இந்தப் பாடலைப் பதிவு செய்த இரவில் நல்ல மழை. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் குரலுக்குப் பின்னால் தொடர்ந்து கேட்கிறது. அதைச் சுத்தமாக மறுபடியும் பாடித்தான் ஆக வேண்டும் என்று நிறுவனத்தார் சொல்லிவிட்டார்கள்.

பையனோ நாஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் முதல் ஆல்பமான இல்மேட்டிக்கைச் சுட்டிக்காட்டி, அதில் பத்தே தடங்கள்தான், எனக்கும் பத்து போதும் என்று பிடிவாதமாக இருக்கிறான். நானும் பாடல் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டிப் புரட்டி அதை நான்கு முறை கேட்டுவிட்டேன். பாதி விளங்கியது, மீதியிலும் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. என் ஐயம் இதுதான்: முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் நியூயார்க்கில் ஒருவர் செய்த ஆல்பம், தோட்டப்புறத்திலிருந்து வரும் ஒரு பையனுக்கு உண்மையிலேயே வழிகாட்டுமா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள் மாமா என்று என்னைக் கேட்டிருக்கிறான். தப்பான வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் உங்களைக் கேட்கிறேன்.

மறுமொழி 1: ஒலிப்பதிவாளர், ஈப்போ

வணக்கம் ஐயா. உங்கள் மருமகன் எண்ணிக்கையைச் சரியாகப் பிடித்திருக்கிறார், ஆனால் அந்த ஆல்பத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிக்கை மட்டுமல்ல என்று நினைக்கிறேன்.

நாஸுக்கும் இதே நிலைமைதான் இருந்தது. 1991இல், பதினேழு வயதில், மெயின் சோர்ஸ் என்ற குழுவின் பாடல் ஒன்றில் அவர் ஒரு பகுதியை மட்டும் பாடினார். அந்த ஒரு பகுதியைக் கேட்டே, புகழ்பெற்ற ராப் பாடகர் ராக்கிமுக்கு அடுத்து இவர்தான் என்று நியூயார்க்கில் பேசத் தொடங்கிவிட்டார்கள். சில நிறுவனங்கள் அவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. கடைசியில் கொலம்பியா நிறுவனம் சேர்த்துக்கொண்டது. இல்மேட்டிக் வெளிவந்தது 1994 ஏப்ரல் 19ஆம் தேதி, அப்போது அவருக்கு இருபது வயது. எல்லோரும் கண் வைத்துக் காத்திருந்த ஒரு பையன், அந்த மூன்று ஆண்டுகளில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போடாமல், நாற்பது நிமிடத்துக்குள் முடிகிற பத்துத் தடங்களைக் கொண்டுவந்து வைத்தார். முதலாவது பாடலே அல்ல, ரயில் சத்தமும் பேச்சுக் குரல்களும் கலந்த ஒரு முன்னுரை. ஆக, பாடல்கள் ஒன்பதுதான்.

விருந்தாளிகள் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆல்பம் முழுவதிலும் வேறு ராப் பாடகர் ஒரே ஒருவர்தான் தனிப் பகுதி பாடியிருக்கிறார், ஏஸீ என்பவர். அவரும் அப்போது பெயர் தெரியாத இளைஞர். நாஸ் பெரிய பெயர்களை அழைத்தது பாடுவதற்கு அல்ல, இசைக்கு. டிஜே பிரீமியர், லார்ஜ் புரொபசர், பீட் ராக், கியூ-டிப், எல்இஎஸ் என்று ஐந்து பேர் ஆளுக்கொன்றோ இரண்டோ மூன்றோ செய்து கொடுத்தார்கள். அன்றைய நியூயார்க்கில் ஓர் இளைஞரின் முதல் ஆல்பத்துக்கு இத்தனை இசையமைப்பாளர்கள் சேர்வது வழக்கத்தில் இல்லாதது. இருந்தும் முழுத் தொகுப்பும் ஒரே தெருவில் நடப்பது போல ஒலிக்கிறது என்றால், பேசுகிற குரல் ஒன்றாக இருப்பதுதான் காரணம். பாதிப் பாடல்களில் வேறு குரல் புகுந்தால், முதன்முறை கேட்பவருக்கு உங்கள் மருமகன் யார் என்பதே மனதில் பதியாது. நிறுவனம் செலவு செய்யத் தயாராக இருந்தால், அந்தப் பணத்தை நல்ல இசை அமைப்பவர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நாஸின் தந்தை ஒரு ஜாஸ் கலைஞர், ஒரு பாடலின் முடிவில் அவரே கார்னெட் என்ற ஊதுகருவியை வாசித்திருக்கிறார் என்பதையும் தம்பியிடம் நினைவூட்டுங்கள். வீட்டிலேயே உறுமியோ தப்போ வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கக்கூடும்.

இனி மழைக்கு வருகிறேன், இது என் தொழில். தகரக் கூரை மழை எல்லாச் சுருதியிலும் பரவி நிற்கும் இரைச்சல். ச, ஸ, த போன்ற ஒலிகள் இருக்கும் இடத்திலேயே அது உட்கார்ந்துகொள்வதால் சொற்கள் மங்கும். பிற்பாடு மென்பொருளைக் கொண்டு பிரித்தால் குரல் தண்ணீருக்கடியில் பேசுவது போல ஆகிவிடக்கூடும். ஆகவே நிறுவனத்தார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய பதிவைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். குரலை மட்டும் ஸ்டூடியோவில் மைக்கை நெருக்கமாக வைத்துப் புதிதாகப் பாடட்டும். மழையைப் பழைய பதிவிலிருந்து எடுத்துத் தொடக்கத்திலும், மூச்சு விடும் இடைவெளிகளிலும், முடிவிலும் வைக்கலாம். இல்மேட்டிக்கின் இரண்டாம் தடத்தில், எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை என்று நாஸ் முணுமுணுத்துவிட்டு அப்புறம்தான் பாடத் தொடங்குவார். அந்த முதல் பகுதியை ஒரே மூச்சில் பாடி முடித்தார் என்று டிஜே பிரீமியர் சொல்லியிருக்கிறார். அந்த முணுமுணுப்பை யாரும் வெட்டவில்லை. புதிதாகப் பாடும்போது பையனின் குரல் கொஞ்சம் விறைத்துப் போகும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பதிவு பெரும்பாலும் பயன்படாது.

இன்னொன்று. அந்த ஆறு பாடல்களில் பழைய திரைப்பாடல்களின் துண்டுகள் எங்காவது இருக்கின்றனவா என்று கேளுங்கள். நம்மிடம் அது பழகிய வழிதான். 2006இல் யோகி பியும் நட்சத்திரா குழுவும் வெளியிட்ட வல்லவன் ஆல்பத்தின் புகழ்பெற்ற பாடல், 1980இல் வந்த நிழல்கள் படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாடலிலிருந்துதான் எழுந்தது. ஆனால் கைப்பேசிப் பாடலில் கண்டுகொள்ளாமல் விடுவதை, விற்பனைக்கு வரும் ஆல்பத்தில் விட மாட்டார்கள். மெட்டுக்கு உரிமையாளர் ஒருவர், அந்த ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் இன்னொருவர், ஆக இரண்டு அனுமதிகள் வேண்டும். 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, அனுமதியில்லாமல் துண்டு எடுத்த ஒரு ராப் பாடகருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகு, அமெரிக்கப் பெரிய நிறுவனங்கள் இதில் மிகவும் கறாராகிவிட்டன. அனுமதி வாங்கும் செலவு யாருடையது, மூலப்பதிவு யாருக்குச் சொந்தம் என்ற இரண்டையும் எழுத்தில் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தெலுக் இந்தான்

தம்பி, உங்கள் மருமகன் எழுதிய நான்கு வரிகளை வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் வளர்ந்தவள் நான். பெரட்டு, நிரை, லயம் என்ற சொற்களை இருபது வயதுப் பிள்ளை இத்தனை சரளமாக எடுத்துப் போடுவது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று எழுதிச் சொல்ல முடியவில்லை.

ஆனால் மூன்றாவது வரி தவறு. பால் நிறைந்த வாளி சத்தம் போடாது. விடியும் முன் இருட்டில் போகும்போதுதான் வாளி காலியாக இருக்கும். காண்டாக் கம்பின் இரு முனையிலும் இரண்டு வாளிகள் ஆட, உள்ளே கிடக்கும் உளி தகரத்தில் மோதிக் கணகணவென்று ஒலிக்கும். லயத்தில் படுத்திருக்கும் எங்களுக்கு அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைவதுதான் அம்மா போய்விட்டார் என்பதற்கு அடையாளம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் அத்தனை விடியலில் ஓட்டம். பிறகு மங்குகளில் சேர்ந்ததை மரம் மரமாக ஊற்றி எடுத்துக்கொண்டு திரும்பும்போது வாளி கனத்து, தளும்பிவிடாமல் இருக்க நடையையே மாற்றி, ஒரு சத்தமும் இல்லாமல் வருவார்கள். அம்மா பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் திரும்பிப் பார்ப்போம். அவர் மேல் அடிக்கும் பால் வாடைதான் முதலில் வரும்.

ஆகவே அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். பாட்டிலேயே அதைக் காட்டலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. இசை எனக்குத் தெரியாது. தொடக்கத்தில் காலி வாளியின் சத்தம் தாளமாக வந்து, பாட்டு முடியும் இடத்தில் அது இல்லாமல் போனால், தோட்டத்தில் வளர்ந்த ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்லாமலே புரியும். இதைத் திருத்த என்னைத் தேடி வர வேண்டாம், அவனுடைய அம்மாயியிடம் உட்காரச் சொல்லுங்கள். ஒட்டுப்பால், கட்டிப்பால், கங்காணி, கிராணி என்று அவர் வாயில் இன்னும் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

பதினெட்டா பத்தா என்ற கேள்விக்கு என் பதில் ஒன்றுதான். தினந்தோறும் வெட்டினால் மரம் தாங்காது என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டியவர்களின் பேரன் அவன். ஆறே பாடல்களைக் கையில் வைத்திருப்பவனிடம் இன்னும் பன்னிரண்டை அவசரமாகக் கேட்டால், பட்டை காய்ந்த மரத்தில் வெட்டியது போலத்தான் வரும்.

மறுமொழி 3: இளைஞன், சுங்கைப் பட்டாணி

மேலே எழுதிய இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் சில இடங்களில் மாறுபடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். இல்மேட்டிக்குக்கு அன்றைய முன்னணி ஹிப்ஹாப் இதழான தி சோர்ஸ் ஐந்துக்கு ஐந்து மைக் (அந்த இதழின் மதிப்பெண்) கொடுத்தது உண்மை. ஆனால் முதல் வாரத்தில் அது விற்றது ஏறக்குறைய 60,000 பிரதிகள்தான். பில்போர்ட் பட்டியலில் 12ஆம் இடத்தோடு நின்றது. ஐந்து லட்சத்தைத் தொட்டு கோல்ட் சான்று பெற 1996 வரையும், பத்து லட்சத்துக்கான பிளாட்டினம் பெற 2001 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. நாஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது, கடைத்தெருவுக்கு ஏற்ற மெருகோடு 1996இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில்தான். ஆகவே உங்கள் மருமகனான அண்ணன் நல்ல ஆல்பம் செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று அவர் வீட்டில் யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். நடனப் பாட்டு ஒன்று இருப்பதில் குற்றமே இல்லை, நம் கல்யாணங்களில் அதுதான் ஒலிக்கும், அடுத்த அழைப்பும் அதனால்தான் வரும். மூன்று வேண்டாம், ஒன்று இருக்கட்டும்.

இரண்டாவது, எனக்கு மிக முக்கியமானது. நாஸ் தன் பாட்டியின் காலத்தைப் பாடவில்லை. குவீன்ஸ்பிரிட்ஜ் என்பது 1939இல் திறக்கப்பட்ட அரசாங்கக் குடியிருப்பு, அமெரிக்காவிலேயே மிகப் பெரியது. அதன் சன்னலிலிருந்து தான் கண்டதை அவர் பாடினார். 1992இல் சுட்டுக் கொல்லப்பட்ட தன் நண்பனைப் பாடினார், சிறையில் இருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதமாகவே ஒரு பாடலை அமைத்தார். ஆல்பத்தின் அட்டையில், அந்தத் தெருவின் மேல் தன்னுடைய சிறுவயது முகம் படிந்திருக்கும்படி வைத்தார். அப்படியானால் அண்ணனின் சன்னலில் தெரிவது என்ன? ரப்பர் போய் எங்கும் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன. இன்று தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் தலைமுறை தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளின் வீடுகளில் வளர்ந்து, தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கிறது, அல்லது சிங்கப்பூருக்குப் போக ஜொகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வரிசை கட்டுகிறது. அம்மாயியின் பாடல் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் பத்துப் பாடல்களும் வாளியும் உளியுமாக இருந்தால் அது அவருடைய முதல் ஆல்பம் ஆகாது, அம்மாயியுடைய ஆல்பமாகத்தான் ஆகும். அவருடைய இருபது வயதை யார் பாடுவது?

கென்ட்ரிக் லாமர் 2012இல் பெரிய நிறுவனத்தில் வெளியிட்ட முதல் ஆல்பத்தை அண்ணன் கேட்டிருப்பார். காம்ப்டன் என்ற ஊரில் வளரும் ஒரு பையனின் கதை அது. பாடல்களுக்கு நடுவே அவருடைய தாயும் தந்தையும் தொலைபேசியில் விட்ட குரல்பதிவுகள் வந்து போகும். வண்டியை எப்போது திருப்பிக் கொண்டுவருவாய் என்று தாய் கேட்கும் இடத்தில் பெரியவர்களின் காலமும் பிள்ளையின் காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. அம்மாயியின் குரலையும் அப்படி இடையிடையே வைக்கலாமே. அவர் பழைய கதை சொல்ல வேண்டியதில்லை, சாப்பிட்டாயா, எப்போது வருவாய் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்பதிவே போதும். அந்த ஆல்பத்தில் பன்னிரண்டு தடங்கள். ஆக, பத்து என்பது வேதவாக்கு அல்ல.

மொழி குறித்தும் ஒரு வார்த்தை. போயட்டிக் அம்மோ என்ற மலேசிய ராப் குழு 1998இல் தந்த முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், கேண்டனீஸ் என்று நான்கு மொழிகளில் பாடினார்கள். நாம் பேசும் தமிழில் மலாய்ச் சொல் தானாக வந்து விழும். தமிழ்நாட்டில் விளங்க வேண்டும் என்பதற்காக அதையெல்லாம் களைந்துவிட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். காத்திருப்பதற்கும் பயப்பட வேண்டாம். ஜோயி பேடாஸ் என்ற அமெரிக்க ராப் பாடகர் பதினேழு வயதில் ஒரு மிக்ஸ்டேப்பால் (முறையான ஆல்பமாக இல்லாத பாடல் தொகுப்பு) 2012இல் பெயர் எடுத்தவர், முதல் ஸ்டூடியோ ஆல்பத்தைத் தன் இருபதாவது பிறந்தநாளில்தான், 2015 ஜனவரி 20இல் வெளியிட்டார். அதுவரை ரசிகர்கள் அவரை மறந்துவிடவில்லை.

மறுமொழி 4: தாய்மாமன், சுங்கை சிப்புட்

உங்கள் மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மருமகனிடம் வாசித்துக் காட்டினேன். அவனுடைய இருபது வயதை யார் பாடுவது என்று சுங்கைப் பட்டாணித் தம்பி கேட்ட கேள்விதான் அவனை மிகவும் பாதித்தது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து, எழுதி முடிக்காமல் விட்டிருந்த ஒரு பாடலைக் காட்டினான். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு ஈப்போவில் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போன எட்டு மாதங்களைப் பற்றியது. இது யாருக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஒதுக்கி வைத்தானாம். எனக்கு அவனுடைய எல்லாப் பாடல்களையும்விட அது பிடித்துவிட்டது.

நிறுவனத்துக்கு அவனே பதில் எழுதினான். பதினொரு பாடல்கள், விருந்தாளிகள் இரண்டு பேர், நடனப் பாட்டு ஒன்று, மூலப்பதிவின் உரிமை குறித்துத் தனியாக ஒரு பத்தி. இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறார்கள். ஆறு பாடல்களில் ஒன்றில் பழைய படத்துப் பாடலின் துண்டு இருப்பதையும் ஒத்துக்கொண்டான். அதை எடுத்துவிட்டு, ஆசிரியை அம்மா சொன்ன வாளிச் சத்தத்தை அதே இடத்தில் வைத்துப் பார்க்கப் போகிறான்.

மூன்றாவது வரியை அம்மாவிடமே போய்க் கேட்டான். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. நிறைந்த வாளி எங்கேடா சத்தம் போடும் என்று ஆசிரியை அம்மா எழுதியதையே அவரும் சொன்னார். வீட்டின் பின்புறம் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பழைய வாளி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. உளிக்குப் பதில் ஒரு திருப்புளியைப் போட்டு, கைப்பேசியைக் கையில் பிடித்தபடி, பையன் பின்சந்தில் நடந்து நடந்து பதிவு செய்தான். அதைத் தாளத்தோடு சேர்த்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டியபோது, அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இப்படி ஆடி அசைஞ்சு போனா பெரட்டுக்கு யாரு நிப்பா?" என்று சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் தான் நடந்த வேகத்தைத் தொடையில் தட்டிக் காட்டினார். பையன் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினான். நிமிடத்துக்கு 84 என்று அவன் வைத்திருந்த தாளத்தை 96க்கு ஏற்ற வேண்டியிருந்தது. இப்போது எல்லா வரிகளையும் அந்த வேகத்துக்குப் புதிதாகப் பாடிப் பழகிக்கொண்டிருக்கிறான்.